விளக்கைக் குடு

பெயிண்டருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்குக் குடும்ப ஆலோசனை அலுவலகத்தின் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் பழுத்துக் கிடந்தன. எதிர் பெஞ்சில் மச்சான். மச்சான் என்றால் இவனை விட்டுப் பிரிந்துபோன மனைவியின் அண்ணன். மனிதர் கைபேசியில் ஒரு போட்டோவைப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும் தனக்குத்தானே சிரித்துக்கொள்வதுமாக இருந்தார். அது என்ன போட்டோ என்று பெயிண்டருக்குத் தெரியாதா என்ன. அதில் நிற்பதே அவன்தான். முறுக்கின மீசை, தலையில் ஸ்பிரிங்கில் ஆடும் இரண்டு கொம்பு, முதுகில் கண்ணாடித்தாள் இறக்கை.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அவன் அறைக்கு வருவாள், சாயங்காலம் திரும்பிப் போவாள். வாரத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு பகல்தான். அந்த ஒரு பகலையும் பிடுங்கத்தான் மச்சான் மனு கொடுத்திருந்தார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பெரிய ஆம்பளை, சின்னப் பொண்ணுங்க பார்க்கிற கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டு அலைகிறான், அவனை நம்பி எப்படிக் குழந்தையை அனுப்புவது என்றார். அந்த 'எப்படி'க்குள் அவர் சொல்லாமல் சொன்னது ஒன்று இருந்தது பாருங்கள், அதுதான் பெயிண்டரை மனுவைவிட அதிகமாகச் சுட்டது.

கார்ட்டூனின் பெயர் மின்மினிப் படகு. ஐந்து மின்மினிப் பெண்கள் ஒரு ஓட்டைப் படகை வைத்துக்கொண்டு சதுப்புத் தண்ணீரில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுவார்கள். வழி தவறிய நத்தை, அம்மாவிடம் கோபித்துக்கொண்டு ஓடிவந்த தவளை, இந்த மாதிரிப் பயணிகள். அவ்வளவுதான் கதை. ஆறேழு வயதுப் பெண் குழந்தைகளுக்காக எடுத்தது. நடுவில் வருகிற விளம்பரம்கூட ரிப்பனும் பொம்மையும்தான்.

மகள் மடியில் உட்கார்ந்து பார்த்த காலத்தில் இவனும் கூடவே பார்த்தான். மனைவி குழந்தையோடு கிளம்பிப் போனதும் டிவி மட்டும் வீட்டில் மிஞ்சியது. கொஞ்ச நாள் குழந்தை ஞாபகத்துக்காகப் பார்த்தான். அப்புறம், அந்தத் தவளை வீட்டுக்குத் திரும்பிப் போனதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தான். அதற்கப்புறம் காரணமெல்லாம் கிடையாது. பிடித்திருந்தது, பார்த்தான். பகலெல்லாம் கம்ப்ரசர் சத்தமும் முகமூடிக்குள் பெயிண்ட் தின்னர் வாசமும், சாயங்காலமே வண்டி வேணும் என்று கத்துகிற முதலாளியுமாக இருக்கிறவனுக்கு, யாரும் யாரையும் பார்த்துக் கத்தாத ஒரு படகு தேவைப்பட்டது. இதில் யார் குடி கெட்டுப் போகிறது, சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட பைத்தியங்கள் இன்னும் சில பேர் இருந்தார்கள். முதலில் அகப்பட்டவர் ஆம்புலன்ஸ் டிரைவர். நசுங்கிய கதவைச் சரிபண்ண வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சாவிக்கொத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பிளாஸ்டிக் விளக்கு தொங்கியது. மின்மினிகள் வாலில் கட்டிக்கொள்கிற அதே விளக்கு.

"உங்க பேத்தியோடதா?" என்று பெயிண்டர் மெதுவாகத் தூண்டில் போட்டான்.

"இல்லை. என்னோடது," என்றார் அவர். கொஞ்சம்கூடக் குரல் தாழவில்லை. "என் வண்டியில ஏத்தினவங்க எல்லாரும் உயிரோட இறங்கறதில்லை, தம்பி. வீட்டுக்குப் போனா அரைமணி நேரம் யாரும் சாகாத ஒண்ணைப் பார்க்கணும்னு இருக்கும்."

அவர் வீட்டு மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினார்கள். ஒரு பல் டாக்டர் அம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் ஒருவர், லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்யும் அண்ணன் தம்பி. குழந்தை இருக்கிறவர்கள் குழந்தையோடு வருவார்கள், இல்லாதவர்கள் சும்மா வருவார்கள். பெயிண்டரின் மகளுக்கு அங்கே வாலு என்று பெயர். ஒன்பது வயசு, வாய் மட்டும் நாற்பது. கூட்டத்தின் நீதிபதியே அவள்தான்.

நீதிபதி என்று சும்மா சொல்லவில்லை. படகில் ஒரு சட்டம் உண்டு. ஒரு மின்மினி பொய் சொல்லி, அந்தப் பொய்யால் நொந்தவர் கையை நீட்டினால், விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வாதாடக் கூடாது. திரும்ப வேண்டுமென்றால், பொய் சொன்ன அதே இடத்தில், அதைக் கேட்ட அதே ஆட்கள் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். வேறு எங்கே சொன்னாலும் செல்லாது. இதை அந்த மாடிக் கூட்டமும் அப்படியே கடைப்பிடித்தது. எல்லோரிடமும் ஆளுக்கொரு விளக்கு. புதுக் கதையைத் திருட்டுத்தனமாக முன்னாலேயே பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சாதித்த பல் டாக்டர் அம்மா, வாலுவிடம் விளக்கைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். பெயிண்டரும் மகளும் வைத்திருந்த இரண்டு விளக்கும் பட்டறையில் இவனே கலந்து அடித்த நிறம். கடையில் விற்கிற பச்சை கார்ட்டூன் பச்சையே இல்லை என்று அவனுக்குப் பொறுக்கவில்லை.

இதெல்லாம் மச்சானுக்கு எங்கே புரியப் போகிறது.

உள்ளே கூப்பிட்டார்கள். வட்ட மேஜை, கிறீச்சிடும் மின்விசிறி, சுவரில் சிரிக்கிற சூரியன் படம். ஆலோசகர் அம்மா முதலில் வாலுவிடம் தனியாகப் பேசிவிட்டு, மூலையிலிருந்த குட்டி மேஜையில் அவளை உட்காரவைத்து மெழுகுப் பென்சில் டப்பாவைக் கொடுத்திருந்தார். பெரியவங்க பேசி முடிக்கட்டும், நீ படம் வரை என்று. முதுகைத் திருப்பி உட்காரவைத்தால் குழந்தைக்குக் காது கேட்காது என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு.

வட்ட மேஜையைச் சுற்றி மச்சான், பெயிண்டர், இவனுக்காகப் பேச டியூட்டி உடுப்போடு வந்திருந்த டிரைவர், அப்புறம் மனைவி. அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சையெல்லாம் அண்ணனே குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன் மேடம். இதைப் பாருங்க," என்று மச்சான் கைபேசியை நீட்டினார். "மீசை வெச்ச மின்மினி. எல்லாம் தடித்தடி ஆளுங்க. பார்க்கறது பொண்ணுக் குழந்தைங்க படம். அங்க என் தங்கச்சி பொண்ணைக் கூட்டிட்டுப் போறாரு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்?" என்றான் பெயிண்டர். காது கொதித்தது. "வாயைத் திறந்து சொல்லுங்க மச்சான். என்ன ஆகும்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் கேக்கறேன். சொல்றதுக்குத் துப்பில்லாம கோடி காட்டறீங்களே, அதுக்குப் பேர் என்ன?"

"பார்த்தீங்களா மேடம், எப்படிப் பாயறாருன்னு."

ஆலோசகர் கையமர்த்தினார். டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"மேடம், கூடறது என் வீட்டு மாடியில. என் சம்சாரம் அங்கயேதான் இருப்பா. கதவு திறந்துதான் கிடக்கும். எனக்கு அந்தக் கார்ட்டூன் பிடிக்கும், பார்க்கறேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

"உங்களுக்கு என்ன வயசு சார்?" என்றார் மச்சான்.

"ரிட்டயர் ஆகப் போறேன்."

"வெட்கமா இல்லையா?"

"இல்லையே," என்றார் டிரைவர், நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆலோசகரின் உதட்டோரத்திலும் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டதைப் பெயிண்டர் பார்த்தான். அந்தச் சிரிப்புதான் அவனைக் கவிழ்த்தது.

இந்த இடத்தில் பெயிண்டரின் பழைய வியாதியைச் சொல்லியாக வேண்டும். அவனிடம் மூன்று பதில்கள் உண்டு. பேசிட்டேன். பண்ணிட்டேன். வந்துட்டே இருக்கேன். மூன்றும் பெரும்பாலும் பொய். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. எதிரில் இருப்பவர் முகம் சுளித்துவிடக் கூடாது, அந்த நிமிஷம் தப்பித்தால் போதும் என்கிற புத்தி. வாலுவுக்கு ஐந்து வயசாக இருந்தபோது படுக்கையறைக் கூரையில் சுண்ணாம்புக் காரை விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்று மனைவி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். பேசிட்டேன், ஆள் அனுப்பறேன்னாரு என்றான். வாடகை பாக்கி கிடந்ததால் அந்த மனிதரின் முகத்தில் விழிக்கவே இவனுக்குத் தைரியமில்லை. ஒரு நாள் மத்தியானம் காரை பெயர்ந்து, தூங்குகிற குழந்தையின் தலைமாட்டில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்ததால் பிழைத்தது பிள்ளை. வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரர், யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லலையே என்றார். அவர் போன பிறகும், அதே அறையில் நின்றுகொண்டு, நான் பேசினேன், அந்த ஆள் மறந்துட்டான் என்று மனைவியிடம் சாதித்தான் இவன். அவள் அப்போதே துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் போன பிறகு இவனும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டான்.

"நீங்க சொல்லுங்க," என்று ஆலோசகர் அவன் பக்கம் திரும்பினார். "குழந்தை இல்லாதப்பவும் நீங்க அதைப் பார்க்கறது உண்டா?"

"சேச்சே," என்றான் பெயிண்டர். எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. "எல்லாம் பொண்ணுக்காகத்தான் மேடம். அவ அடம் பிடிக்கிறா, கூட உட்கார்றேன். வயசான காலத்துல இதையெல்லாம் பார்க்கறவங்களைக் கண்டா எனக்கே சிரிப்பாத்தான் இருக்கும். அந்த இறக்கைகூட இவரு மாட்டிவிட்டாரு, முகதாட்சண்யத்துக்காகப் போட்டேன்."

டிரைவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முதல்முறையாக ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி இவனைப் பார்த்தாள். குட்டி மேஜையில் மெழுகுப் பென்சில் நின்றுவிட்டது.

"அப்போ பிரச்சினையே இல்லையே," என்று ஆலோசகர் மூச்சு விட்டார். "அந்தக் கூட்டத்துக்குப் போறதை நிறுத்திடுங்க. ஞாயித்துக்கிழமை வழக்கம்போல நடக்கட்டும். கொஞ்ச நேரம் வெளிய இருங்க, எழுதி முடிச்சுடறேன்."

மச்சானின் முகம் கோணிப்போனது. எழாமல் உட்கார்ந்தபடியே தங்கையிடம் ஏதோ குசுகுசுக்க ஆரம்பித்தார். பெயிண்டரும் டிரைவரும் வாலுவும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"பிழைச்சோம்," என்றான் பெயிண்டர் டிரைவரிடம். "அந்த நேரத்துக்கு வேற வழி தெரியலை. தப்பா எடுத்துக்காதீங்க."

டிரைவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இறக்கை நான் மாட்டிவிடலை, தம்பி. நீங்களே செஞ்சு கொண்டுவந்தீங்க. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்தீங்க." அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கிப் போனார்.

பெயிண்டருக்குச் சுருக்கென்றது. சரி, அப்புறம் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று மகளைத் திரும்பிப் பார்த்தான். வாலு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, சாக்லேட்டா?"

"விளக்கைக் குடு."

"இது விளையாட்டு இல்லைடா. பெரியவங்க விஷயம். கொஞ்சம் முன்னபின்ன பேசினாத்தான்..."

"விளக்கைக் குடுப்பா."

கை இறங்கவில்லை. அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மச்சானிடம் காட்ட வேண்டிய ஆத்திரம், ஆலோசகரிடம் காட்ட வேண்டிய ஆத்திரம், எல்லாம் சேர்ந்து அந்தச் சின்னக் கையின்மேல் விழுந்தது.

"யாருக்காகச் சொன்னேன் தெரியுமா? உனக்காக. நீ ஞாயித்துக்கிழமை என்கிட்ட வரணும்னுதான் சொன்னேன். நன்றி கெட்ட கழுதை, என்கிட்டயே சட்டம் பேசறியா?"

"நான் அடம் பிடிக்கிறேன்னு சொன்னே." அவள் அழவில்லை. கோபத்தில் அவள் காதும் சிவந்திருந்தது. "நான் எப்ப அடம் பிடிச்சேன்? போன வாரம் எனக்குத் தூக்கம் வந்துது. நீதான் இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு போட்டே. என் கிளாஸ்ல எல்லாரும், இது பாப்பாங்க பார்க்கறது, நீ ஏன் இன்னும் பார்க்கறேன்னு கேட்டாங்க. எங்க அப்பாவே பார்க்கறாருன்னு சொன்னேன். எங்க அப்பாவுக்கு வெட்கமே கிடையாதுன்னு சொன்னேன். நீ இப்ப சிரிப்பா இருக்குன்னு சொல்லிட்டே."

பெயிண்டர் சாவிக்கொத்திலிருந்து விளக்கைக் கழற்றினான். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேதானே?" என்றான்.

"அம்மா அனுப்பினா வருவேன்."

அனுப்பினா. அந்த வார்த்தையில் பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டான். பொய் சொல்லி மீட்ட ஞாயிற்றுக்கிழமை இப்போது கையில் இருக்கிறது. அதில் வந்து உட்காரப் போவது அனுப்பிவைத்த ஒரு பிள்ளை. அவனுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டிக்கொள்ளவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினான்.

டிரைவர் கேட்டைத் தாண்டியிருந்தார். இவன் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தான்.

"மேல வாங்க."

"எதுக்கு? இன்னும் பாக்கி இருக்கா?"

"இருக்கு. நீங்க இல்லாம செல்லாது."

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் கையில் விளக்கில்லாமல் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். கூடவே வந்தார்.

கதவைத் தட்டவெல்லாம் இல்லை. தள்ளிக்கொண்டு போனான். ஆலோசகர் எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு நிமிர்ந்தார். பின்னாலேயே டிரைவரும், அவருக்குப் பின்னால் வாலுவும் வந்து நின்றார்கள்.

"மேடம், நான் இங்க சொன்னது பொய்," என்றான் பெயிண்டர். மூச்சிரைத்தது. "குழந்தை இல்லாதப்பவும் பார்க்கறேன். வேலை விட்டு வந்து தினமும் பார்க்கறேன். இவ அடம் பிடிக்கலை, நான்தான் இவளை உட்காரவெச்சுப் பார்க்கறேன். அந்த இறக்கை நானே ராத்திரி முழிச்சுச் செஞ்சது. இவருக்கும் செஞ்சு குடுத்தேன். இவரை விட்டுக்குடுத்துப் பேசினேன், அது அயோக்கியத்தனம்."

"பார்த்தீங்களா மேடம், தானே வந்து மாட்டிக்கிட்டாரு," என்று மச்சான் எழுந்தார்.

"உட்காருங்க மச்சான். நான் இன்னும் முடிக்கலை." அந்தக் குரலில் மச்சான் உட்கார்ந்துவிட்டார். "பேட்டும் பந்தும் விளையாடறதை நாள் முழுக்க வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்க்கறீங்க, தோத்துட்டா டிவியை உடைக்கறீங்க, அதுக்கு யாரும் உங்களை இந்த ரூமுக்கு இழுக்கறதில்லை. நான் ஒரு நத்தையைப் படகுல ஏத்தறதைப் பார்க்கறேன். உங்க மனசுல இருக்கற அழுக்கை என் பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல கொண்டுவந்து கொட்டாதீங்க. சந்தேகம் இருந்தா ஞாயித்துக்கிழமை வந்து பக்கத்துல உட்காருங்க. கதவு திறந்துதான் இருக்கும்."

ஆலோசகர் பேனாவை மூடினார். "இப்படி மாத்தி மாத்திச் சொன்னா நான் எதை நம்பறது? இது உங்களுக்கே எதிரா முடியலாம், தெரியுமா?"

"தெரியும் மேடம். எதிரா முடிஞ்சா முடியட்டும்."

வாலு முன்னால் வந்தாள். பையிலிருந்து விளக்கை எடுத்து, பட்டனை அமுக்கி எரியவைத்து, அப்பாவின் கையில் வைத்தாள். ஆலோசகர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். டிரைவர் மட்டும் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம்," என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "பொண்ணு ஞாயித்துக்கிழமை போகட்டும். அந்த மாடிக்கும் போகட்டும். மனு என் அண்ணன் குடுத்தது, நான் குடுக்கலை."

"நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் மச்சான்.

"எனக்குத்தான் அண்ணா தெரியும். நீ எழுந்திரு."

பெயிண்டருக்கு உடம்பு லேசாகிப் போனது. நன்றி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் எதிரில் வந்து நின்றுவிட்டாள். முகத்தில் இரக்கம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. உள்ளங்கையை நீட்டினாள்.

"குடுங்க."

அவனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. வீட்டில் மகள் ஓயாமல் ஓதுகிற சட்டம் அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா.

"வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன்னீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "பிள்ளை தலைமாட்டுல காரை விழுந்து கிடக்கு, அப்பவும் பேசினேன்னே சாதிச்சீங்க. இன்னிக்கு ஒரு கார்ட்டூனுக்காக இறங்கி ஓடி, ஆளைக் கூட்டிட்டு வந்து, மூச்சு வாங்க உண்மை சொல்றீங்க. உங்களால முடியும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது. எனக்காக ஒரு தடவை இதைச் செஞ்சிருந்தா, நாம இந்த ரூமுக்கே வந்திருக்க வேண்டாம்."

விளக்கு அவன் கையில் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்து அவள் கையில் வைத்தான்.

"பேசலை," என்றான். "நான் அவர்கிட்ட பேசவே இல்லை."

"இங்க சொன்னா செல்லாது," என்றாள் அவள். கைப்பையைத் திறந்து விளக்கைப் போட்டு மூடினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வாலு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

வராந்தாவில் பெயிண்டரும் டிரைவரும் நின்றார்கள். சாவிக்கொத்தில் வெறும் வளையம் தொங்கியது. டிரைவர்தான் கேட்டார்.

"அந்தக் காரை விழுந்த வீட்டுல இப்ப யாரு குடியிருக்காங்க?"

"தெரியாது."

"யாரோ என்னவோ. நீங்களும் அவங்களும் அந்த ரூமுக்குள்ள போய் நிக்கணும்னா, யாரையாவது கேட்டாகணுமே."

பெயிண்டர் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காதில் சிவப்பு இன்னும் அடங்கவில்லை.

"ஆமா," என்றான். "வீட்டுக்காரர்கிட்ட பேசணும்."